வரப்பேறும் முழங்கால்

கை கொடுக்கும் கருவிகள் – 9

சம்பா நடவுக்குச் சேறு கூட்டி வைத்த வயலில் பத்தடி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பதே தனி வேலை. கால் கணுக்காலுக்கு மேல் இறங்கும். நேராக மேலே இழுத்தால் சேறு விடாது. குதிகாலை முதலில் கிளப்பி, முழங்காலை மடக்கி, பாதத்தைச் சாய்வாக உருவ வேண்டும். வயலிலிருந்து வரப்புக்கு ஏறுவதென்றால் ஒரு காலைத் தூக்கி மேலே வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் அந்த ஒற்றை முழங்காலில் ஏற்றி எழ வேண்டும். ஏறிய பிறகும் நிம்மதி இல்லை. வரப்பு ஒரு பாதம் அகலம்தான் இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். மடை திறக்கக் குந்த வேண்டும், சோற்றுக்குச் சம்மணமிட வேண்டும், பேருந்தில் முன் இருக்கைக்கு இடிக்காமல் காலை மடக்கி வைக்க வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரிப் படுகையில் எந்த ஊரில் பிறந்தவருக்கும் முழங்கால் இத்தனை வேலை செய்கிறது. சாலை விபத்திலோ, ஆறாத சர்க்கரைப் புண்ணாலோ, இயந்திரத்தில் சிக்கியோ தொடையோடு கால் அகற்றப்பட்ட ஒருவர் ஒரே நாளில் இவை அனைத்தையும் இழந்துவிடுகிறார்.

சென்ற வாரம் வேலூரில் நின்றோம். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய பால் பிராண்டையும், 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸையும் பார்த்தோம். 1966இல் அங்கே எழுந்து, இன்று மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கி நிற்கும் மறுவாழ்வு நிலையம் நாட்டுக்கே முன்னோடி. அவர்கள் இருவரும் மருத்துவர்கள். இந்த வாரம் நாம் சந்திக்கப்போகிறவர் கையில் ஸ்டெதாஸ்கோப் இல்லை. இயந்திரங்களின் அசைவுகளைக் கணக்கிடுவதைத் தொழிலாகக் கொண்டவர். சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் துறைப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன்.

ஜெய்ப்பூரில் தொடங்கிய கேள்வி

சுஜாதாவின் வேலையைப் புரிந்துகொள்ள, அவருக்கு ஒரு தலைமுறை முந்தைய ஜெய்ப்பூருக்குப் போய்வர வேண்டும். 1960களின் இறுதி வரை நம் நாட்டில் கிடைத்த செயற்கைப் பாதங்கள் மேற்கத்திய வடிவமைப்பில் வந்தவை. ஷூ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சமதளத்தில் நடக்கிறவருக்காகச் செய்யப்பட்டவை. வெறுங்காலோடு நடக்கிற, குந்துகிற, தண்ணீரில் இறங்குகிற விவசாயிக்கு அவை பொருந்தவில்லை. வாங்கிப் போனவர்கள் அவற்றை மூலையில் சாத்திவிட்டுக் கவைக்கோலுக்கே திரும்பினார்கள்.

ஜெய்ப்பூர் மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரில் வார்த்த பாதம் இந்தக் குறையைத் தீர்த்தது. அது பார்க்கவும் பாதம்போல இருந்தது. ஷூ தேவைப்படவில்லை, நனைந்தாலும் கெடவில்லை, மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981இல்தான் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தில் நடனக் கலைஞர் சுதா சந்திரன் காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு சில ஆண்டுகளில் மீண்டும் மேடையேறினார். தஞ்சை நால்வர் முறைப்படுத்திய பரதத்தைச் செயற்கைக் காலோடு ஒருவர் ஆடினார் என்ற செய்தி அன்றைக்கு நாட்டையே நிமிர்ந்து பார்க்க வைத்தது. அவருடைய மன உறுதியை வணங்கும்போதே ஒரு மருத்துவ உண்மையையும் நினைவில் வைக்க வேண்டும். அவருக்குக் கால் அகற்றப்பட்டது முழங்காலுக்குக் கீழே. சொந்த முழங்கால் அவரிடம் இருந்தது.

முழங்காலும் சேர்ந்து போனவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்குப் பாதம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. நிற்கும்போது மடங்காமலும், நடக்கும்போது மடங்கியும், உட்காரும்போது முழுக்க மடங்கியும் கொடுக்கிற ஒரு மூட்டு வேண்டும். அதுதான் கடினமான கணக்கு. சுஜாதா அந்தக் கணக்கைக் கையில் எடுத்தார்.

தொழிற்கூடம் வழியாக வந்த பேராசிரியர்

சுஜாதா சென்னை ஐஐடியிலேயே இயந்திரப் பொறியியல் படித்தவர். மேற்படிப்புக்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் போனார். அங்கே முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றதோடு, ஒஹையோ வில்லோ வுட் என்ற செயற்கை உறுப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலையும் பார்த்தார். அவருடைய பிற்கால வேலை முழுவதிலும் இந்தத் தொழிற்கூட அனுபவத்தின் தடம் தெரிகிறது. ஆய்வுக் கட்டுரையில் அழகாக இருக்கிற ஒரு மூட்டு, லட்சக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த பிறகு தேய்ந்து தளரும். திருகு கழலும், புஷ் உராய்ந்து ஓசை எழுப்பும். அதைச் செய்து விற்று, பழுதுபார்த்துக் கொடுத்தவர்களோடு பழகியவருக்கு இந்த உண்மை முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

இந்தியா திரும்பி ஐஐடியில் ஆசிரியரானவர், நடையின் இயக்கவியலையும் மறுவாழ்வுக் கருவிகளையும் தன் ஆய்வுக் களமாக்கிக்கொண்டார். டி.டி.கே. நிறுவனத்தின் ஆதரவோடு அங்கே மறுவாழ்வு ஆய்வுக்கும் கருவி உருவாக்கத்துக்குமான ஒரு மையம் அமைந்தது. ஆர்2டி2 என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மையத்தை அவர்தான் வழிநடத்துகிறார். இன்று அந்த மையத்தின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருபவை எழுந்து நிற்க வைக்கும் நாற்காலி, உடலளவுக்குச் செய்த நாற்காலி, அதில் மாட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டி, நான்கு இணைப்பு முழங்கால் ஆகியவை. இவை நான்குமே மாதிரி வடிவத்தோடு நின்றுவிடாமல் பயனாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை. நம் பல்கலைக்கழகங்களில் உருவாகும் கருவிகளில் பெரும்பாலானவை கண்காட்சி மேசையோடு முடிந்துபோகின்றன. அந்த நிலையில் இதைச் சிறிய சாதனை என்று சொல்ல முடியாது.

நான்கு இணைப்புகளின் கணிதம்

2022இல் அறிமுகமான செயற்கை முழங்காலுக்குக் ‘கதம்’ என்று பெயர். பயோமெடிக்கல் தொழில்நுட்பச் சங்கமும் பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா அமைப்பும் இதில் ஐஐடியோடு கைகோத்தன. தொடையோடு கால் அகற்றப்பட்டவர்களுக்காக நம் நாட்டிலேயே வடிவமைத்துத் தயாரித்த முதல் பல அச்சு முழங்கால் என்று அதை ஐஐடி அறிவித்தது. பல அச்சு என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

பழைய செயற்கை முழங்கால்களில் ஒரே அச்சுதான். கதவுக் கீலைப் போல ஓரிடத்தில் மட்டும் சுழலும். அதில் ஒரு சிக்கல் உண்டு. நடக்கிறவரின் பாரம் அந்த அச்சுக்கு முன்பக்கமாக இறங்கும்வரை கால் நிற்கும். கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிட்டால் முழங்கால் சட்டென்று மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். இதற்குப் பயந்து பலருக்கு மடங்கவே மடங்காத பூட்டு முழங்கால் பொருத்திவிடுவார்கள். அப்படி நடக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விறைத்த காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி வீசிப் போவார்கள். தரையில் இடிக்காமல் காலை முன்னே கொண்டுவர அவர்களுக்கு வேறு வழி இல்லை. வருடக்கணக்கில் அப்படி நடந்தால் இடுப்பும் முதுகும் வலி எடுக்கும். ஒரு பாதம் அகல வரப்பில் அப்படி வீசி நடக்கவும் முடியாது.

நான்கு இணைப்பு முழங்காலில் ஒற்றை அச்சு கிடையாது. தொடைப் பக்கம் ஒரு பாகம், கெண்டைக்கால் பக்கம் ஒரு பாகம், இரண்டையும் பிணைக்க முன்னால் ஓர் இணைப்பு, பின்னால் ஓர் இணைப்பு. இந்த நான்கும் சேர்ந்து அசையும்போது, கால் எந்தப் புள்ளியைச் சுற்றி மடங்குகிறதோ அந்தப் புள்ளியே இடம் மாறிக்கொண்டு போகும். கால் நேராக இருக்கும்போது அது மேலேயும் பின்னாலும் இருக்கும். அதனால் குதிகால் தரையைத் தொட்டுப் பாரம் இறங்கும் நேரத்தில் முழங்கால் தானாக மடங்காது. நடையின் அடுத்த கட்டத்தில் காலை முன்னே வீசத் தொடங்கியதும் புள்ளி நகர்ந்து, கால் சுலபமாக மடங்கிக் கொடுக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மடங்கும்போது கெண்டைக்கால் பகுதி சற்றுப் பின்வாங்கி மேலே ஏறுவதால், வீசும் நேரத்தில் காலின் நீளம் கொஞ்சம் குறைகிறது. விரல் நுனிக்கும் தரைக்கும் இடைவெளி கூடுகிறது. சமமான பளிங்குத் தரையில் இந்த இடைவெளிக்குப் பெரிய மதிப்பில்லை. வெட்டிய வரப்பின் மண்கட்டியும், வாய்க்கால் கரையின் புல்லும், வாசற்படியும் நிறைந்த நம் ஊரில் தடுக்கி விழுவதற்கும் விழாமல் போவதற்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சிறு இடைவெளிதான்.

கதம் 160 பாகை வரை மடங்கும். நெருக்கமான பேருந்து இருக்கையிலும் ஷேர் ஆட்டோவிலும் காலை ஒடுக்கி வைத்துக்கொள்ள அது உதவுகிறது. செயற்கை உறுப்புகளுக்கான சர்வதேசத் தரப்படி, 30 லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்கிச் சோதித்த பிறகே அது வெளியே வந்தது.

இதைப் பொருத்திக்கொண்டால் மறுநாளே சேற்றில் இறங்கி நாற்று நடலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். முழங்கால் ஒரு பாகம்தான். அதற்கு மேலே மீந்திருக்கும் தொடையை ஏந்திக்கொள்ளும் சாக்கெட் சரியாக அமைய வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்த்து ஊறும், தோல் உரியும். முதல் சில மாதங்களில் தொடை சுருங்கும்போது சாக்கெட் தளர்ந்துபோகும், திரும்ப அளவெடுக்க வேண்டியிருக்கும். நடைப்பயிற்சி கொடுக்க ஒருவர் வேண்டும். அவ்வளவும் அமைந்தால், பூட்டு முழங்காலோடு வாசலில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் வரப்பு வழியே போய்த் தன் வயலைத் தானே பார்த்துவர முடியும். மடைக்குத் தண்ணீர் வந்ததா என்று இன்னொருவரைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். விவசாயி ஒருவருக்கு அதன் மதிப்பு என்ன என்பதை இந்தப் பத்திரிகையின் டெல்டா வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுந்து நிற்பது என்ற சிகிச்சை

ஆர்2டி2 மையத்தின் முதல் பெரிய வெளியீடு 2019 நவம்பரில் வந்த ‘அரைஸ்’. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர்கள், யாருடைய உதவியும் இல்லாமல் உட்கார்ந்த நிலையிலிருந்து நின்ற நிலைக்கு வருவதற்கான சக்கர நாற்காலி அது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை ஆய்வுக்கு நிதி தந்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பை ஏற்றது. அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 15,000 ரூபாய்.

எழுந்து நிற்பது வெறும் ஆசைக்காக என்று நினைத்துவிடக் கூடாது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவருக்கு ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து படுக்கைப் புண் வரும். உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் புண் ஆழமாகும் வரை தெரியாது. பாரம் ஏறாத கால் எலும்புகள் வலுவிழக்கும். சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தங்கித் தொற்று வரும். செரிமானம் மந்தமாகும். தினமும் சிறிது நேரம் நின்றால் இவை எல்லாமே ஓரளவு மட்டுப்படும். அதனால்தான் பிசியோதெரபி நிலையங்களில் நோயாளியைப் பலகையில் கட்டி நிறுத்தி வைக்கிறார்கள். அந்தப் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே, தன் கையாலேயே செய்துகொள்ள வழி செய்ததுதான் அரைஸ்.

மோட்டார் வைத்து நிறுத்தினால் விலை ஏறும். பேட்டரி போனால் கருவி முடங்கும். சுஜாதாவின் குழு மோட்டாரை விட்டுவிட்டுப் பழைய இயந்திரவியலை நாடியது. ஸ்பிரிங்குகளின் விசை உடலின் பாரத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது, மீதிக்குக் கையின் பலம் போதும். ஆளுக்கு ஆள் எடை மாறுவதால், அந்தந்த எடைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகிற பாடங்கள்தாம் இவை. அவற்றை ஒரு மனிதரின் எலும்புக்கும் தோலுக்கும் பயன்படும்படி கொண்டுவந்து சேர்த்ததில்தான் இந்தப் பேராசிரியரின் தனித்தன்மை இருக்கிறது.

இதற்கும் எச்சரிக்கை உண்டு. பல மாதம் படுத்த படுக்கையாக இருந்தவர் திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம், வலுவிழந்த எலும்பு முறியலாம். மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துச் சொன்ன பிறகே நிற்கத் தொடங்க வேண்டும்.

முகாமில் கிடைத்த நாற்காலி

நம் மாவட்டங்களில் முகாம் வைத்துச் சக்கர நாற்காலி கொடுப்பது பல காலமாக நடக்கிறது. கொடுப்பவர்களின் நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலி ஊருக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பெரும்பாலும் அது மடக்கக்கூடிய இரும்புக் குழாய் நாற்காலி. எடை 15 முதல் 20 கிலோ இருக்கும். மெலிந்த பெண்ணுக்கும் கனத்த ஆணுக்கும் ஒரே அகலம். அகலம் கூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், முதுகெலும்பு வளையும். சக்கரம் தோளுக்கு நேராக இல்லாவிட்டால் ஒவ்வொரு தள்ளுக்கும் தோள்மூட்டு தேயும். கால் இயங்காதவருக்கு இருக்கிற ஒரே மூலதனம் தோள்தான். அதுவும் வலி எடுத்துவிட்டால் பின்னால் நின்று தள்ள ஆள் தேட வேண்டியதாகிறது.

தெருவுக்கு வந்தால் இன்னொரு சங்கடம். அந்த நாற்காலியின் முன்பக்கத்தில் இருப்பவை சின்னஞ்சிறு சக்கரங்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் திரும்ப அவை வசதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வண்டல் மண்ணில் அவை கத்திபோல் இறங்கி நிற்கும். அப்புறம் திண்ணைப் படி, வாசற்படி, பேருந்தின் உயரப் படி. நாற்காலி மெதுவாக வீட்டின் பின்கட்டுக்குப் போகும், சில நாளில் அதன்மேல் நெல் மூட்டையோ துணியோ ஏறும். அந்த வீட்டு ஆள் மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவார்.

2021இல் வந்த ‘நியோஃப்ளை’, ‘நியோபோல்ட்’ இரண்டும் இந்த இடத்தில்தான் பயன்படுகின்றன. சுஜாதாவும் ஐஐடியில் படித்த ஸ்வஸ்திக் சௌரவ் தாஷும் சேர்ந்து தொடங்கிய நியோமோஷன் நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. நியோஃப்ளை நாற்காலியைத் தயாரிக்கும் முன் பயனாளியின் உடலளவை எடுக்கிறார்கள். இருக்கை அகலம், முதுகுச் சாய்வின் உயரம், பாதம் வைக்கும் இடம் என்று 18 விதங்களில் ஆளுக்கேற்ப மாற்றுகிறார்கள். நியோபோல்ட் என்பது மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடியும் பெரிய ஒற்றைச் சக்கரமும் கொண்ட முன்பகுதி. அதை நாற்காலியின் முன்னால் மாட்டினால் சின்னச் சக்கரங்களுக்கு வேலை இல்லை. நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகிவிடுகிறது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை, ஒரு முறை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் வரை ஓடும். போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம். வண்டியிலிருந்து நாற்காலிக்கு மாற ஆள் கூப்பிட வேண்டாம்.

அறிமுகத்தின்போது நாற்காலி 39,900 ரூபாய், மோட்டார் பகுதி 55,000 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகைதான். ஆனால் ஊனம் அடைந்த ஒருவர் வேலைக்குப் போகிறாரா, வீட்டில் முடங்குகிறாரா என்பதோடு சேர்த்து இந்தத் தொகையை எடைபோட வேண்டும். வங்கிக் கடனும், அரசு மானியமும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் போய்ச் சேர வேண்டிய இடங்களில் இது முதன்மையானது.

2025இல் ஐஐடியும் த்ரைவ் மொபிலிட்டி என்ற இளம் நிறுவனமும் ‘ஒய்டி ஒன்’ என்ற நாற்காலியை வெளியிட்டன. அதன் எடை 9 கிலோ. எடை குறைவதன் அருமையை அப்துல் கலாமும் எழுதியிருக்கிறார். திருச்சி ஜோசப் கல்லூரியில் படித்த அவர், ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுப் பொருளை வைத்து, ஹைதராபாத் மருத்துவமனைக் குழந்தைகள் இழுத்து நடந்த மூன்று கிலோ காலிப்பர்களை 300 கிராமுக்குக் கொண்டுவந்த வேலையைத் தன் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளில் ஒன்றாகக் கருதினார். சக்கர நாற்காலியிலும் கதை அதேதான். 18 கிலோ நாற்காலியைப் பேருந்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். 9 கிலோ நாற்காலியை ஒருவரே ஒரு கையால் தூக்கி வைத்துவிடலாம்.

தஞ்சைக்கு என்ன வேண்டும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 54 லட்சம் பேருக்கு உடலியக்கத்தில் குறைபாடு. பத்தில் ஏழு பேர் கிராமத்தில் வாழ்கிறவர்கள். கருவி வடிவமைக்கிறவர்களும் வாங்கிக் கொடுக்கிறவர்களும் இந்தக் கடைசிக் கணக்கைத்தான் முதலில் படிக்க வேண்டும். கிராமத் தரையில் ஓடாத நாற்காலியும், வரப்பில் தடுக்கும் காலும் பெரும்பாலானவர்களுக்குப் பயன்படாதவை.

சுஜாதா சீனிவாசனின் வாழ்க்கைப் பணியிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான். சூத்திரம் எந்த நாட்டிலும் ஒன்றே. ஒஹையோவில் கற்ற நான்கு இணைப்பும் ஸ்பிரிங் கணக்கும் இங்கேயும் அதே கணக்குதான். பயனாளி எங்கே உட்காருகிறார், எதன்மேல் நடக்கிறார், எந்தப் பேருந்தில் ஏறுகிறார், என்ன சம்பாதிக்கிறார் என்பவை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அவற்றைப் பயனாளியிடமே கேட்டு, செய்ததை அவரிடமே கொடுத்துச் சோதித்து, பிறகு தயாரிக்கத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைத்தார். அதனால்தான் அவருடைய கருவிகள் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தன.

இந்த வேலையைச் செய்ய ஐஐடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா இருக்கிறது. செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ராஜாமடத்திலும் திருக்குவளையிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் என்ஐடி. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி. ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் என்ற பெயரில் ஏதோ ஒன்றைச் செய்து, மதிப்பெண் வாங்கி, ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பதிலாக மழைக்கால வண்டல் மண்ணில் இறங்காத முன்சக்கரம், பேருந்துப் படியில் ஏற உதவும் சிறு தளம், வியர்வை தங்காத சாக்கெட் உறை என்று நம் ஊர்த் தேவை ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே. மருத்துவக் கல்லூரியின் முடநீக்கியல் பிரிவுக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்தால் தலைப்புக்குப் பஞ்சமே இருக்காது.

வட்டாரத் தலைநகர்களில் பழுதுபார்க்கும் இடம் ஒன்று கட்டாயம் வேண்டும். டயர் வெடித்த நாற்காலிக்கும், புஷ் தேய்ந்த முழங்காலுக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்க்கொண்டிருக்க முடியாது. மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் கும்பகோணத்திலும் டிராக்டரையும் பம்ப்செட்டையும் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், இந்தக் குறை தீர்ந்துவிடும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர் இருந்தால், கிடைத்ததை வாங்கி வைக்காதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். நாற்காலியோ செயற்கைக் காலோ, உடலளவை எடுத்துத்தான் தர வேண்டும் என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்து கேளுங்கள். அதைக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே அந்த உரிமை இருக்கிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைக்கும் கொண்டுவந்த மதுரை ஆரோலேப்